ப்ரீசெட் பட்டனை நம்பாதீங்க பாஸ்!

ஆசிலோஸ்கோப், அனலைஸர், ஜெனரேட்டர்... லேப்பில் இருக்கிற கருவிகள் நீங்கள் செய்ததை எல்லாம் ஞாபகம் வைத்திருக்கின்றன. கை மாறுவதற்கு முன்னால் அவற்றை மறக்கவைப்பது எப்படி?

பழைய செல்போனை விற்கப் போகிறீர்கள். முதலில் என்ன செய்வீர்கள்? சிம்மைக் கழற்றுவீர்கள். மெமரி கார்டை உருவுவீர்கள். போட்டோ, மெசேஜ், கான்டாக்ட் எல்லாவற்றையும் அழித்து, ஃபேக்டரி ரீசெட் கொடுத்து, ஒரு தடவைக்கு இரண்டு தடவை செக் பண்ணிவிட்டுத்தான் அடுத்தவர் கையில் கொடுப்பீர்கள். இதை யாரும் நமக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

சரி, டிபார்ட்மென்ட் லேப்பில் இருக்கிற டிஜிட்டல் ஸ்டோரேஜ் ஆசிலோஸ்கோப்பை காலிபரேஷனுக்கு வெளியே அனுப்பும்போது என்ன நடக்கிறது? பவர் கார்டைக் கழற்றி, ப்ரோபைச் சுருட்டித் தனியாக எடுத்து வைத்து, தெர்மாகோல் முட்டுக்கொடுத்து அட்டைப்பெட்டியில் இறக்கி, மேலே டேப் ஒட்டினால் பேக்கிங் ஓவர். உள்ளே என்ன சேமித்து வைத்திருக்கிறது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

“ஸ்கோப்புக்குள்ள என்ன பாஸ் இருக்கப் போகுது? ஒரு சைன் வேவ், ஒரு ஸ்கொயர் வேவ், அவ்ளோதானே?” என்கிறீர்களா? விஷயமே அங்கேதான் இருக்கிறது!

சி.ஆர்.ஓ. மறந்துவிடும்... டி.எஸ்.ஓ. மறக்காது!

நம் சீனியர்களின் சீனியர்கள் பயன்படுத்திய சாதாரண அனலாக் சி.ஆர்.ஓ. ரொம்ப அப்பாவி. எலெக்ட்ரான் கற்றை திரையில் மோதும், பாஸ்பர் பூச்சு பச்சையாக ஒளிரும். சிக்னலை எடுத்துவிட்டால் கோடு மறைந்துவிடும். ஸ்விட்சை ஆஃப் செய்தால் அதற்கு ஒன்றுமே ஞாபகம் இருக்காது. ரெக்கார்டு நோட்டில் வரைய வேண்டும் என்றால், கிராஃப் ஷீட்டோடு அதன் எதிரிலேயே உட்கார்ந்து கட்டம் எண்ண வேண்டும்.

டி.எஸ்.ஓ. அப்படி இல்லை. உள்ளே வரும் சிக்னலை அனலாக் டு டிஜிட்டல் கன்வெர்ட்டர் எண்களாக மாற்றுகிறது. அந்த எண்கள் மெமரியில் உட்காருகின்றன. அதில் பாதி தற்காலிகம். மீதி? கடைசியாக நீங்கள் வைத்த செட்டிங், ‘சேவ்’ கொடுத்த செட்டப்புகள், ரெஃபரென்ஸ் வேவ்ஃபார்ம்கள், ஸ்க்ரீன் ஷாட்கள், நெட்வொர்க்கில் இணைத்திருந்தால் ஐ.பி. முகவரி, கருவிக்கு வைத்த பெயர் என்று எல்லாம் பவர் போன பிறகும் பத்திரமாக இருக்கும்.

ஸ்கோப் மட்டுமா? ஸ்பெக்ட்ரம் அனலைஸரைத் திறந்தால், எந்த ஃப்ரீக்வென்ஸியைச் சுற்றிச் சோதனை நடந்தது, எவ்வளவு அகலத்துக்குப் பார்த்தார்கள், எது பாஸ், எது ஃபெயில் என்று வைத்த லிமிட் கோடு எது என்பதெல்லாம் தெரிந்துவிடும். சிக்னல் ஜெனரேட்டரில், பயனர் ஏற்றிவைத்த ஸ்பெஷல் வேவ்ஃபார்ம் ஃபைல்கள் இருக்கும். நெட்வொர்க் அனலைஸரில் ஒரு ஃபில்டரோ ஆன்டெனாவோ எப்படி வேலை செய்தது என்ற முழு அளவீடும் இருக்கும். லாஜிக் அனலைஸர்தான் இதில் பெரிய வில்லன். ஒரு போர்டில் சிப்புக்கும் சிப்புக்கும் நடுவே ஓடுகிற பிட்களை அப்படியே பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. அந்த ஓட்டத்தில் ஃபர்ம்வேரின் ஒரு பகுதி இருக்கலாம், ஏன், பாஸ்வேர்டே கூட இருக்கலாம்!

ரேடார் செய்கிற கம்பெனிக்கு ஒரே ஒரு ஃப்ரீக்வென்ஸி எண்ணே ரகசியம்தான். அதனால்தான் அஜிலென்ட் தயாரித்த ஈ.எஸ்.ஜி. ரக சிக்னல் ஜெனரேட்டர்களில் திரையையே மறைத்துவைக்கும் ‘செக்யூர் டிஸ்ப்ளே’ வசதியைக் கொடுத்தார்கள். பக்கத்தில் நிற்பவர் கண்ணில் கூடப் படக்கூடாதாம்! அப்படியென்றால் கருவியையே பெட்டியில் போட்டு வெளியே அனுப்பும்போது எவ்வளவு உஷாராக இருக்க வேண்டும்?

68 டாலருக்கு 2,632 பேர்!

“இதெல்லாம் ஓவர் பயம். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவன் மெமரியையா நோண்டிக்கொண்டு இருப்பான்?” என்று கேட்பவர்களுக்கு மூன்று நிஜக் கதைகள். மூன்றுமே டெஸ்ட் கருவிகள் பற்றியவை அல்ல. ஆனால் நோய் ஒன்றுதான்: மெமரி உள்ள பெட்டியை, மெமரியோடு விற்றுவிட்டார்கள்.

முதல் கதை. அமெரிக்க ராணுவம் ஆப்கானிஸ்தானில் பயன்படுத்திய கைரேகை, கருவிழி ஸ்கேன் செய்யும் கையடக்கக் கருவி ஒன்று இ-பே தளத்தில் விற்பனைக்கு வந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த மத்தியாஸ் மார்க்ஸ் என்ற பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் அதை 68 டாலருக்கு வாங்கினார். உள்ளே இருந்த மெமரி கார்டை யாரும் எடுக்கவே இல்லை. அதில் 2,632 பேரின் பெயர், போட்டோ, கைரேகை, கருவிழிப் பதிவு! கருவி கடைசியாக 2012-ல் காந்தஹார் அருகே பயன்பட்டது என்பது வரை அதிலேயே பதிவாகி இருந்தது. ராணுவத்துக்கு உதவி செய்த உள்ளூர் ஆட்களின் விவரமும் அதில் உண்டு. அது தப்பான ஆள் கையில் கிடைத்திருந்தால்? 2022 டிசம்பரில் இது செய்தியாக வந்தபோது உலகமே அதிர்ந்தது.

இரண்டாவது கதை. சிம்சன் கார்ஃபின்கெல், அபி ஷெலட் என்ற இரண்டு எம்.ஐ.டி. ஆராய்ச்சி மாணவர்கள் 2000 முதல் 2002 வரை பழைய ஹார்ட் டிஸ்க்குகளாகத் தேடித் தேடி வாங்கினார்கள். மொத்தம் 158. அதில் 129 வேலை செய்தன. அந்த 129-ல் ஒழுங்காகத் துடைக்கப்பட்டவை எத்தனை தெரியுமா? வெறும் 12! மிச்சத்தில் இருந்து 5,000-க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் கிடைத்தன. அதில் ஒரு டிஸ்க் ஏ.டி.எம். மெஷினில் இருந்து வந்தது. நமக்கு ஏ.டி.எம். என்றால் பணம் துப்புகிற பெட்டி. அதற்குள்ளும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது என்பது விற்றவருக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது, 2023-ல் நடந்தது. ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் கம்பெனிகள் கழித்துப்போட்ட 18 ரூட்டர்களை வாங்கிப் பார்த்தது. பாதிக்கு மேற்பட்டவற்றில் பழைய கம்பெனியின் நெட்வொர்க் விவரங்கள் அப்படியே கிடந்தன.

ஸ்கோப்பும் இதே ரகம்தான். இன்றைக்கு விலை உயர்ந்த ஸ்கோப், அனலைஸர் பலவற்றின் உள்ளே ஓடுவது விண்டோஸ். உள்ளே ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி. முன்பக்கம் குமிழ் வைத்த கம்ப்யூட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்களேன்!

ப்ரீசெட் என்ன செய்யும்? என்ன செய்யாது?

இனி லேப்பில் சகஜமாகக் காதில் விழும் ஒரு பேச்சு.

“அண்ணே, ஸ்கோப்பை க்ளியர் பண்ணிட்டேன்.”

“எப்படிடா பண்ணின?”

“ப்ரீசெட் அமுக்கினேன். எல்லாம் போயிடுச்சு.”

“எங்கடா போச்சு? ரீகால் மெனுவுக்குள்ள போய்ப் பாரு!”

அண்ணன் சொல்வதுதான் கரெக்ட். ப்ரீசெட் அல்லது டிஃபால்ட் செட்டப் பட்டன், கருவியை ஒரு தெரிந்த ஆரம்ப நிலைக்குக் கொண்டுவரும். வோல்ட் பர் டிவிஷன், டைம் பேஸ், ட்ரிக்கர் எல்லாம் பழைய இடத்துக்கு வரும். திரை பளிச்சென்று சுத்தமாகத் தெரியும். ஆனால் நீங்கள் சேவ் செய்த செட்டப்பும் வேவ்ஃபார்மும் மெமரியில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும்.

கம்ப்யூட்டரில் இருந்து கட்டளை அனுப்பி ரீசெட் செய்தாலும் இதே கதைதான். ஐ.இ.இ.இ. 488.2 என்ற தரநிர்ணயம், ரீசெட் கட்டளை காலிபரேஷன் டேட்டாவைத் தொடவே கூடாது என்று சொல்கிறது. ரீசெட்டின் வேலை, அடுத்த அளவீட்டுக்குக் கருவியைத் தயார் செய்வது. ரகசியம் காப்பது அதன் வேலையே இல்லை.

ஃபைலை டெலீட் செய்தால்? புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்தைக் கிழிக்கிற மாதிரி. பாடம் உள்ளே அப்படியே இருக்கும். பொறுமையாகப் பக்கம் புரட்டுகிறவனுக்கு எல்லாம் கிடைக்கும்.

நாலு வகை மெமரி, நாலு வகைக் குணம்

வைவாவில் “வோலட்டைல், நான்-வோலட்டைல் வித்தியாசம் என்ன?” என்று கேட்டால் தூக்கத்தில் கூடச் சொல்லிவிடுவோம். அடுத்து “இந்த ஸ்கோப்பில் எது எங்கே இருக்கு?” என்று கேட்டால்தான் முழிப்போம். அதனால் ஒரு குட்டி ரவுண்டு.

டி.ராம்: கேப்பாசிட்டரில் தேங்கிய சார்ஜ்தான் டேட்டா. பவர் போனால் போய்விடும். ஆனால் அந்த நொடியே போய்விடாது. 2008-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் குழு ஒன்று, பவர் போன பிறகும் டி.ராமில் டேட்டா சில நொடிகள் முதல் சில நிமிடங்கள் வரை தங்கும், சிப்பைக் குளிரவைத்தால் இன்னும் நேரம் தாங்கும் என்று செய்தே காட்டியது. எனவே ஸ்விட்சை ஆஃப் செய்ததோடு விடாமல் பவர் கார்டையும் கழற்றிச் சில நிமிடம் காத்திருங்கள். முன்பக்க பட்டன் பல கருவிகளில் வெறும் ஸ்டாண்ட்பைதான்!

பேட்டரி வைத்த எஸ்.ராம்: பழைய கருவிகளின் செல்லப்பிள்ளை. சிப் என்னவோ பவர் போனால் மறக்கிற ஜாதிதான். ஆனால் பக்கத்தில் ஒரு லித்தியம் பேட்டரி உட்கார்ந்துகொண்டு பத்து வருடம் கூட விடாமல் உயிர் கொடுக்கும். “ஆறு மாசமா ஆஃப்லதான் இருக்கு” என்ற சமாதானம் இங்கே செல்லாது.

ஈ.ஈ.ப்ராம், ஃப்ளாஷ்: பவரே தேவையில்லை. எழுதியது எழுதியதுதான். ஃப்ளாஷை அழித்தால் ஒரு பிளாக் முழுவதும் ஒன்றுகளாக மாறும். ஒரே ஒரு பைட்டை மட்டும் தனியாக அழிக்க முடியாது. இதனால் எஸ்.எஸ்.டி. போன்றவற்றில் ஒரு தந்திரம் இருக்கிறது. ஒரே இடம் தேய்ந்துவிடாமல் இருக்க, உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் புது டேட்டாவை வேறு இடத்தில் எழுதும். நீங்கள் ‘மேலே எழுதிவிட்டேன்’ என்று நினைப்பீர்கள். பழையது இன்னொரு மூலையில் இருக்கும்.

ஹார்ட் டிஸ்க்: “35 தடவை மேலே எழுதினால்தான் போகும்” என்று ஹாஸ்டலில் ஒரு பண்டிதர் சொல்வார். 1996-ல் பீட்டர் குட்மன் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இருந்து கிளம்பிய எண் அது. அந்தக் காலத்துப் பலவகை டிஸ்க்குகளை மனதில் வைத்துச் சொன்னது. அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2006-ல் வெளியிட்ட 800-88 என்ற வழிகாட்டியிலேயே, 2001-க்குப் பிறகு வந்த பெரிய டிஸ்க்குகளில் ஒரு தடவை முழுசாக மேலே எழுதினால் சாதாரணத் தேவைக்குப் போதும் என்று சொல்லிவிட்டார்கள். 35 தடவை ஓடவிட்டுக் கரண்ட் பில்லை ஏற்ற வேண்டாம்!

அதே வழிகாட்டி அழிப்பதையும் மூன்று படிகளாகப் பிரிக்கிறது. முதல் படி ‘க்ளியர்’: சாதாரண மென்பொருளை வைத்து நோண்டினால் கிடைக்காத அளவுக்கு அழிப்பது. இரண்டாவது ‘பர்ஜ்’: பெரிய லேப் வசதியோடு உட்கார்ந்தாலும் கிடைக்காத அளவுக்கு. மூன்றாவது ‘டெஸ்ட்ராய்’: மெமரியையே நொறுக்கி, உருக்கி ஒழிப்பது. எந்தப் படி தேவை என்பது, உள்ளே என்ன இருந்தது, கருவி எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. பக்கத்து செக்‌ஷனுக்குப் போகிற ஸ்கோப்புக்குச் சுத்தியல் தேவையில்லை.

எல்லாத்தையும் அழிச்சா... கருவியே காலி!

இப்போது ஆர்வக்கோளாறில் ஒருவர் கிளம்புவார். “உள்ள இருக்கிற எல்லா சிப்பையும் அழிச்சிட்டா முடிஞ்சது மேட்டர்!”

நில்லுங்க பாஸ்! அளவீட்டுக் கருவிகளை அழிப்பதும் செல்போனை அழிப்பதும் ஒன்றல்ல. வித்தியாசம் இங்கேதான்.

ஒவ்வொரு கருவியும் தயாரான இடத்தில் தனித்தனியாகச் சோதிக்கப்படுகிறது. இந்த மல்டிமீட்டர் ஒரு வோல்ட்டை எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது, அதைச் சரிசெய்ய எந்த எண்ணால் திருத்த வேண்டும் என்ற திருத்தக் கணக்கெல்லாம் உள்ளேயே ஒரு நான்-வோலட்டைல் மெமரியில் எழுதப்பட்டிருக்கும். அதுதான் காலிபரேஷன் டேட்டா. சீரியல் நம்பரும், காசு கொடுத்து வாங்கிய ஆப்ஷன் லைசென்ஸ்களும் கூட அப்படித்தான் இருக்கும். அதை அழித்தால் கருவி ஆன் ஆகலாம். ஆனால் அது சொல்கிற எண்ணை நம்ப முடியாது. கண்ணாடி இல்லாமல் போர்டைப் பார்க்கிற கதைதான்.

ஹெச்.பி. நிறுவனம் கொண்டுவந்த 3458ஏ என்ற எட்டரை டிஜிட் மல்டிமீட்டர், அளவியல் உலகில் சூப்பர் ஸ்டார். 1999-ல் அஜிலென்ட், 2014-ல் கீசைட் என்று கம்பெனியின் போர்டு மாறியபோதும் இந்த மாடல் விற்பனையில் நின்றது. அதன் பழைய கருவிகளில் காலிபரேஷன் எண்கள் இருந்தது பேட்டரி வைத்த எஸ்.ராமில். வருடங்கள் ஓடி பேட்டரி செத்தால், எண்களும் அதோடு போய்விடும். அப்புறம் முழு காலிபரேஷனும் மறுபடி முதலில் இருந்து! இதற்குப் பயந்தே பலரும் பேட்டரி சாவதற்கு முன்னால் அந்த எண்களைக் காப்பி எடுத்து வைத்துக்கொண்டு சிப்பை மாற்றுகிறார்கள்.

ஆக, இங்கே வேலை இரண்டு. பயனரின் டேட்டா ஒரு பைட் கூட மிஞ்சக்கூடாது. கருவியின் டேட்டா ஒரு பைட் கூடக் குறையக்கூடாது. இரண்டையும் ஒரே நேரத்தில் சாதிப்பதுதான் திறமை.

கம்பெனியே கொடுத்த அழி ரப்பர்

நல்ல செய்தி என்னவென்றால், பெரிய தயாரிப்பாளர்கள் இதற்கு வழி செய்தே வைத்திருக்கிறார்கள். ராணுவ ஒப்பந்தக் கம்பெனிகள் அவர்களுக்குப் பெரிய கஸ்டமர். அந்தக் கம்பெனிகளுக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ‘நிஸ்பாம்’ என்ற கையேடுதான் பைபிள். அது 2021-ல் அரசு விதியாகவே மாற்றப்பட்டது. “ரகசிய ஏரியாவுக்குள்ளே போன கருவி வெளியே வரவேண்டும் என்றால், உள்ளே எதுவும் இல்லை என்று காட்டு” என்பதுதான் அங்கே பேச்சு.

டெக்ட்ரானிக்ஸ் ஸ்கோப்புகள் பலவற்றில் யுடிலிட்டி மெனுவுக்குள் ‘டெக்செக்யூர்’ என்று ஒரு வசதி. அதை அமுக்கினால் ரெஃபரென்ஸ் மெமரிகள் அத்தனையும் பூஜ்யத்தால் நிரப்பப்படும். சேமித்த செட்டப்புகள் எல்லாம் டிஃபால்ட்டாக மாறும். அதோடு நிற்காமல், அழித்த இடங்களின் செக்சம்மைக் கணக்குப் போட்டு, உண்மையிலேயே அழிந்ததா என்று சரிபார்த்து, திரையில் முடிவு சொல்லும். அப்புறம் ஒரு தடவை ஆஃப் செய்து ஆன் செய்தால் வேலை முடிந்தது. காலிபரேஷனில் கை வைக்காது.

அஜிலென்ட்டின் ஈ.எஸ்.ஜி. ஜெனரேட்டரில் செக்யூரிட்டி மெனுவுக்குள் மூன்று தனித்தனித் தேர்வுகள்: அழி, அழித்து மேலே எழுது, அழித்து முழுசாகச் சுத்திகரி. கீசைட்டின் பல மல்டிமீட்டர்களுக்கும் வேவ்ஃபார்ம் ஜெனரேட்டர்களுக்கும் ‘சிஸ்டம் செக்யூரிட்டி இம்மீடியட்’ என்ற கட்டளையை அனுப்பினால், சேமித்த நிலைகள், பயனர் ஏற்றிய வேவ்ஃபார்ம்கள், ஐ.பி. முகவரி வரை எல்லாம் காலி. மேனுவலிலேயே எச்சரிக்கையும் போட்டிருக்கிறார்கள்: தினசரி வேலைக்கு இதைப் பயன்படுத்தாதே, வேண்டியதும் சேர்ந்து போய்விடும் என்று!

எந்த மாடலில் என்ன வசதி என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கென்றே ஒரு டாக்குமென்ட் உண்டு. சில கம்பெனிகள் ‘ஸ்டேட்மென்ட் ஆஃப் வோலட்டிலிட்டி’ என்கின்றன. சில, ‘டிக்ளாசிஃபிகேஷன் அண்ட் செக்யூரிட்டி இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்’ என்கின்றன. உள்ளே ஒரு அட்டவணை: எந்தெந்த மெமரி, எவ்வளவு சைஸ், பவர் போனால் மறக்குமா, பயனர் எழுத முடியுமா, எதற்காக இருக்கிறது, எப்படி அழிப்பது. மாடல் எண்ணோடு இந்தப் பெயரைப் போட்டுத் தேடினால் பல கருவிகளுக்கு தயாரிப்பாளரின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். இந்த ஒரு அட்டவணையைப் படிக்கத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

இதோ... ஸ்டெப் பை ஸ்டெப்!

1. முதலில் அனுமதி. லேப் கருவி உங்களுடையது மட்டும் இல்லை. நீங்கள் அழித்தால் இறுதியாண்டு அக்காவின் ப்ராஜெக்ட் செட்டப்பும் சேர்ந்து போகும். லேப் இன்சார்ஜிடம் கேட்காமல் அழிக்கிற பட்டன் பக்கமே போகாதீர்கள்.

2. மாடல் எண்ணை வைத்து அந்த மெமரி அட்டவணையை எடுங்கள். மேனுவலில் செக்யூரிட்டி பகுதியைப் படியுங்கள்.

3. வேண்டியதை பேக்கப் எடுங்கள். நெட்வொர்க் செட்டிங்குகளைப் பேப்பரில் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் ஓடும் அனலைஸர் சிலவற்றில் காலிபரேஷன் ஃபைல்கள் டிஸ்கிலேயே இருக்கும். டிஸ்கை மாற்றுவதற்கு முன் அவற்றையும் காப்பி எடுத்தாக வேண்டும்.

4. கழற்ற முடிந்ததை எல்லாம் கழற்றுங்கள். பென் டிரைவ், மெமரி கார்டு, கழற்றும் வகை ஹார்ட் டிஸ்க். பின்பக்கம் செருகிவிட்டு மறந்துபோன பென் டிரைவ்தான் நிறையப் பேரைக் கவிழ்த்திருக்கிறது.

5. கருவியிலேயே இருக்கும் அழிக்கும் வசதியை ஓடவிடுங்கள். நடுவில் பவரை நிறுத்தாதீர்கள்.

6. பவர் கார்டைக் கழற்றி, சில நிமிடம் விட்டு, திரும்ப ஆன் செய்யுங்கள்.

7. சரிபாருங்கள். ஒவ்வொரு ரீகால் இடத்தையும், ஒவ்வொரு ஃபோல்டரையும் திறந்து பாருங்கள். இது முக்கியம். 2011-ல் சான்டியாகோவில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் எஸ்.எஸ்.டி.க்களைச் சோதித்தபோது, ஒரு டிரைவ் “அழித்துவிட்டேன்” என்று பதில் சொன்னது. பிரித்துப் பார்த்தால் டேட்டா முழுசாக அப்படியே இருந்தது! மெஷினும் பொய் சொல்லும்.

8. செல்ஃப் டெஸ்ட் ஓட்டுங்கள். தெரிந்த ஒரு சிக்னலைக் கொடுத்து, அளவு சரியாக வருகிறதா என்று பாருங்கள்.

9. மாடல், சீரியல் நம்பர், தேதி, எந்த முறையில் அழித்தீர்கள், யார் சரிபார்த்தது என்று ரிஜிஸ்டரில் எழுதுங்கள்.

கருவி ஆன் ஆகவே இல்லை என்றால்? இதுதான் சிக்கலான கேஸ். ரிப்பேருக்குப் போவதே ஆன் ஆகாத கருவிதானே! அழிக்கும் மெனுவுக்குப் போகவே முடியாது. அப்போது டிஸ்கையோ, மெமரி இருக்கும் போர்டையோ கழற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தை அனுப்புகிறார்கள். எதைக் கழற்றலாம் என்பதும் பெரும்பாலும் அதே டாக்குமென்ட்டில் இருக்கும். ரகசிய வேலை செய்யும் இடங்களில் கருவியை வாங்கும்போதே கழற்றும் வகை டிஸ்க் கேட்டு வாங்குவார்கள். வேலைக்கு ஒன்று, சர்வீஸுக்கு ஒன்று என இரண்டு டிஸ்க். கருவி வெளியே போகும்போது வேலை டிஸ்க் பீரோவுக்குள் போய்விடும்.

நமக்கு எதுக்கு இதெல்லாம்?

நியாயமான கேள்வி. “செமஸ்டர்ல வராது, சிலபஸ்ல இல்ல.”

ஆனால் வேலைக்குப் போன முதல் வருடத்திலேயே இது வரும். டெஸ்ட் இன்ஜினீயராகச் சேருகிறீர்கள். “இந்த அனலைஸரை காலிபரேஷனுக்கு அனுப்பிடுப்பா” என்று டீம் லீடர் சொல்வார். அதற்குள் கம்பெனி இன்னும் வெளியிடாத ஒரு தயாரிப்பின் அளவீடுகள் இருக்கும். துடைக்காமல் அனுப்பினால் ரகசியம் போகும். தப்பாகத் துடைத்தால் பல லட்ச ரூபாய் கருவி படுத்துக்கொள்ளும். இரண்டிலும் முதலில் விசாரிக்கப்படுவது பெட்டியை பேக் செய்த ஆள்தான். சேரும்போது ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் போட்ட கையெழுத்து அப்போது ஞாபகத்துக்கு வரும்.

“காலிபரேஷன் லேப்காரங்க பார்த்துக்க மாட்டாங்களா?” அவர்களுக்கும் கடமை உண்டு. நம் நாட்டில் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெறுகிற லேப்கள் பின்பற்றும் ஐ.எஸ்.ஓ. 17025 தரநிர்ணயத்தில், வாடிக்கையாளரின் தகவலை ரகசியமாகக் காக்க வேண்டும் என்று தனிப் பிரிவே இருக்கிறது. ஆனால் பெட்டி கூரியரில் போகிறது, குடோனில் தூங்குகிறது, சில சமயம் வேறு ஊருக்கும் மாறுகிறது. வழியில் எத்தனை கை! பூட்ட வேண்டியது வீட்டுக்காரர்தான்.

வேலைக்கு முன்னால் காலேஜிலேயே இது தேவைப்படும் இடங்களும் உண்டு. கம்பெனி ஸ்பான்சர் செய்த ப்ராஜெக்ட், இன்டர்ன்ஷிப், டிபார்ட்மென்ட்டின் ஆராய்ச்சி வேலை. நாலு மாதம் கண் விழித்து எடுத்த ரீடிங்கை லேப் ஸ்கோப்பிலேயே விட்டுவிட்டு வந்தால், அடுத்த பேட்ச் ஆள் ‘ரீகால்’ அமுக்கி ரெக்கார்டில் ஒட்டிக்கொள்வான். கேட்டால், “மெஷின்லயே இருந்துச்சு மச்சி” என்பான்!

கழித்துக்கட்டும் கருவிகளிலும் கவனம் வேண்டும். ஏலத்தில் எடைக்குப் போகிற ஸ்கோப் உடைக்கப்படும் என்று நினைக்காதீர்கள். ஓடுகிற கருவிக்கு உலகம் முழுக்க செகண்ட் ஹேண்ட் மார்க்கெட் இருக்கிறது. அது இன்னொரு மேஜையில் உயிர்பெற்று, அங்கேயும் ‘ரீகால்’ என்று ஒரு பட்டன் இருக்கும்.

அடுத்த லேப் ஹவரில் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். எதையும் அழிக்க வேண்டாம். உங்கள் பெஞ்சில் இருக்கிற ஸ்கோப்பின் ரீகால் மெனுவைத் திறந்து, ஒவ்வொரு இடத்திலும் என்ன இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். போன வருட சீனியரின் வேவ்ஃபார்ம் எட்டிப் பார்க்கலாம். பார்த்துவிட்டு மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த மெமரி அட்டவணையைத் தேடி எடுத்து, ஒரு பிரிண்ட் அவுட் எடுத்து லேப் இன்சார்ஜ் சாரிடம் கொடுங்கள். அடுத்த தடவை அந்தப் பெட்டிக்கு டேப் ஒட்டுவதற்கு முன்னால் அது அவருக்குக் கட்டாயம் உதவும். இன்டர்னல் மார்க் கூடுமா என்பதற்கு மட்டும் நாங்கள் கேரண்டி இல்லை!